கட்டார் நேரம் ஒரு மணி

சாய்ந்தமருதில் நிப்லாவின் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்று வீட்டுக்கு. மற்றது கட்டாருக்கு. கட்டார் மணிக்கூடு இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடும். ஆனால் அந்த வீட்டில் சோறு போடுவதும், மிக்சி அடிப்பதும், பிள்ளையைத் தூங்க வைப்பதும் பின்னால் ஓடுகிற அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான்.

அவளுடைய புருஷன் இஹ்ஸான் கியூ.எஸ். எழும்பப் போகிற கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு கொங்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை கதவு என்று அளந்து விலை போடுகிற வேலை. டோஹாவில் பல வருடம் இருந்துவிட்டு, மகள் அம்ஹா தன்னைப் போன் கண்ணாடிக்குள் மட்டும் தெரிந்து வைத்திருப்பது பொறுக்காமல் ஊர் வந்தவன். அதே வேலையை வீட்டிலிருந்து செய்யக் கொம்பனி சம்மதித்தது. முன்னறையில் மேசை போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"கட்டார்ல இரிக்கக்குள்ள மருமகன் பக்கத்துல இருந்தார். ராவைக்கு எண்டாலும் நாலு வார்த்தை கதைப்பார்" என்பாள் நிப்லாவின் உம்மா ஸகியா. "இப்பதான் மனிசன் வெளிநாடு போயிட்டார்."

முதலில் அது பகிடியாகத்தான் இருந்தது. பிறகு நிப்லா சில விசயங்களைக் கவனிக்கத் தொடங்கினாள். நித்திரையில் அவன் பல்லை நறுமினான். தொழுகைப் பாயில் சலாம் கொடுத்த பிறகும் விரல்கள் தொடையில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தன. வயிற்றெரிவுக்குப் போடும் குளிசைப் போத்தல் கணினிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியது. ஒருநாள் அம்ஹா பொம்மைகளைக் கட்டிலில் படுக்க வைத்து, உதட்டில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சத்தம் போடப்படா. வாப்பாக்கு டென்டர்."

டென்டர் மூடும் நாளுக்கென்று, அதாவது போட்ட விலையை அனுப்பும் கடைசி நாளுக்கென்று, ஒரு சட்டம் இருந்தது. இஹ்ஸான் விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் போனை நிப்லாவிடம் கொடுத்துவிடுவான். கதவு பூட்டப்படும். அவனாகத் திறக்கும் வரை யாரும் தட்டக்கூடாது.

அப்படி ஒரு நாளில்தான், மாரி மழை வளவை நிரப்பிக் கிணற்றடிப் படியைத் தொட்டுக்கொண்டு நின்ற காலையில், நிப்லா குசினியில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது, அரிசி வாளி மூடியின் மேல் அவனுடைய போன் நடுங்கியது. மருதமுனையிலிருந்து இஹ்ஸானின் ராத்தா, மூத்த சகோதரி றாபியா.

"நிப்லா, அவன் எங்க? மெசேஜ் போட்டன். நீலக் கோடு விழுந்திரிக்கி, பதில் இல்ல."

"நான் பாக்கல்ல மதினி. அம்ஹா போன நோண்டினாளோ தெரியா. அவரு உள்ளுக்கு. இண்டைக்கு டென்டர் மூடுற."

"எத்தின மணிக்கு?"

"கட்டார் நேரம் ஒரு மணிக்கு. நமக்கு மூண்டரை."

றாபியாவுக்குப் பின்னால் மரம் அறுப்பது போல ஒரு சத்தம் வந்து போய்க்கொண்டிருந்தது. அது மூச்சு என்பது நிப்லாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

"வாப்பாக்கு ராவிலிருந்து இழுக்குது கா. டொக்டர் வந்து பாத்துட்டு, இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேணாம் எண்டுட்டுப் போறார். யாசீன் ஓதிக்கிட்டு இரிக்கம். அவன வரச் சொல்லு."

"யா அல்லாஹ்."

"வாப்பா கேக்கார். 'சின்னவன் வந்திட்டானா' எண்டு."

"மாமாவே கேட்டாரா?"

"அவரேதான். திரும்பத் திரும்ப."

நிப்லாவை உலுக்கியது அந்த வார்த்தைதான்.

போன நோன்பில் மாமா சரீப் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று றாபியா அழுதபடி போன் எடுத்தாள். நிப்லா சட்டத்தை மறந்து கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். இஹ்ஸான் சேட்டுப் பொத்தானைப் பூட்டாமலே ஓடினான். அங்கே கிழவர் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, முன்னால் வைத்திருந்த நோன்புக் கஞ்சியைக் குடிக்க, பாங்கு சொல்லும் வரை காத்துக்கொண்டிருந்தார். "என்னடா மனே, உனக்கு யாரு சொன்ன? கிழவன் வழுக்கினதுக்கெல்லாம் கட்டார நிப்பாட்டுறதா?" என்று சிரித்தார். அன்றைய டென்டர் போய்விட்டது. டோஹாவிலிருந்து ஓர் ஆள் திரையில் தோன்றி, சிரித்த முகத்தோடு, இன்னொரு முறை இப்படி நடந்தால் இருவருக்கும் சரிவராது என்று இங்கிலிசில் சொன்னான். நிப்லா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

இஹ்ஸான் அவளை ஏசவில்லை. மறுநாள் கல்முனைக்குப் போய் ஒரு கொண்டி வாங்கி வந்து, தன் கையாலேயே கதவின் உள்பக்கம் பூட்டினான். ஏசியிருந்தால் நல்லது என்று நிப்லாவுக்கு இருந்தது.

சரீபும் மகளுக்குக் கட்டளை போட்டுவிட்டார். "இனி எனக்கு என்ன நடந்தாலும் அவன்ட வேலை முடியிற வரைக்கும் சொல்லப்படா." அந்த மனிதர்தான் இப்போது மகனைக் கேட்கிறார்.

நிப்லா அடுப்பைக் குறைத்தாள். முன்னறைக் கதவுக்கு முன் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். கீழே போட்டாள். பிறகு குடையும் எடுக்காமல் வெளியே இறங்கி, கணுக்கால் தண்ணீரில் சுற்றி நடந்து, அவனுடைய ஜன்னலுக்கு வந்தாள்.

கண்ணாடிக்கு உள்ளே அவன் காதுகளை மூடிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். திரையின் நீல வெளிச்சம் முகத்தில் விழுந்து, மீன்தொட்டிக்குள் வைத்த ஆள் போலிருந்தான். அவள் விரலால் தட்டினாள்.

"இஞ்ச பாருங்க! மாமாக்கு ஏலாதாம்! உங்களக் கேக்காராம்!"

அவன் திரும்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை அவளுக்குக் காட்டினான். பொறு. அந்தக் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விசைப்பலகைக்கு இறங்கிவிட்டது.

கேட்டதா, கேட்கவில்லையா? மழை தலையில் கொட்டக் கொட்ட அவள் அங்கேயே நின்றாள்.

"என்னவாம்?" என்றாள் ஸகியா, அவள் உள்ளே வந்ததும் துவாயை நீட்டியபடி.

"கையக் காட்டுறார்."

"கையக் காட்டுறதுக்கு அவரு என்ன, ட்ரபிக் பொலிஸா? கதவ உடை கா. வாப்பா எண்டுறது ஒரு ஆள்தான். டென்டர் நாளைக்கும் வரும்."

"போன தரம் உடைச்சன்தானே உம்மா. வேலை போனா இந்த வீட்டுக்கு யாரு பதில் சொல்ற? மாமாக்கு முந்தியும் இப்பிடித்தான், எழும்பி உக்காந்தார். கொஞ்சம் பாப்பம்."

சொல்லும்போதே தன் குரல் அவனுடைய குரலாக மாறிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறு. இது முடியட்டும். கட்டார் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே இப்போதுதான் விடிந்திருந்தது.

சரீப் ட்ரைவர் என்றால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்தின் சி.டி.பி. பஸ் ஓட்டினார். பக்கக் கண்ணாடியில் ஓடி வருகிற ஆள் தெரிந்தால் அவருடைய கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். கண்டக்டர் நஸீம் பின்னாலிருந்து கத்துவார்: "சரீப் காக்கா, டைம் போகுது! டைம்கீப்பர் நம்மள உரிக்கப் போறான்!" சரீப் கியரை மாற்றாமல் சொல்லுவார்: "உரிக்கட்டும்டா. ஓடி வாற ஆள உட்டுட்டு இழுத்தா பஸ் பாரமா இரிக்கி." கலியாணமான புதிதில், மாமாவின் வாயாலேயே இந்தக் கதையைக் கேட்டு நிப்லா சிரித்திருக்கிறாள். அந்த மனிதருக்கு இப்படி ஒரு மகனா என்று அப்போது தோன்றவில்லை. அப்போது இஹ்ஸானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

கிழங்கு ஆறிப்போனது. தேங்காய்ப்பூவும் கட்டாச் சம்பலும் தட்டில் அப்படியே இருந்தன. பகல் தொழுகையான லுஹருக்கு இன்னும் நேரம் இருக்கும்போது றாபியா மறுபடி எடுத்தாள். இந்த முறை அழுகை இல்லை. பின்னால் அந்த மரம் அறுக்கும் சத்தமும் இல்லை. அது இல்லாததைக் கேட்டே நிப்லா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னேரம், அசர் தொழுகையோட அடக்கம்" என்றாள் றாபியா கடைசியில். "தண்ணி ஏறுற கபுறு. பிந்த வச்சா தோண்டினது இடிஞ்சிடும் எண்டுறாங்க."

நிப்லா கதவுக்குப் போவதற்குள் சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மோதினாரின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. மருதமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி சரீப் அவர்கள் வபாத்தானார்கள். அன்னார், சாய்ந்தமருதில் திருமணம் முடித்துள்ள இஹ்ஸான் அவர்களின் அன்புத் தந்தையுமாவார்...

அவள் இரண்டு கைகளாலும் கதவில் அடித்தாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. கொண்டி விலகியது.

இஹ்ஸான் நின்றான். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. கண்கள் காய்ந்து, ஓரங்கள் மட்டும் சிவந்திருந்தன.

"மாமா..." என்றாள்.

"தெரியும்."

"பள்ளில சொன்னது கேட்டதா?"

"கேட்டது. ஏலாம இரிக்கிறது காலைலயே தெரியும். ராத்தாட மெசேஜ் கொம்பியூட்டர்ல வந்திச்சு. பாத்தன். மூடிட்டன்."

"எப்ப?"

"நீ ஜன்னலுக்கு வாறதுக்கு முன்ன."

நீலக் கோடு. நிப்லா அம்ஹாவைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை, பொம்மையை அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றது.

"தெரிஞ்சிக்கிட்டா எனக்குக் கையக் காட்டினீங்க?"

"சுருக்கா முடிச்சிட்டு ஓடுவம் எண்டுதான் நிப்லா. கணக்கு ஒண்டு ஒத்து வரல்ல. அதத் தேடித் தேடி..." அவன் நெற்றியைத் தேய்த்தான். "வாப்பா இருப்பார் எண்டு நினைச்சன். நோன்புல இருந்த மாதிரி."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவனை மன்னித்ததாகிவிடும் போலிருந்தது.

"வெளிக்கிடுங்க."

"நீங்க முன்னுக்குப் போங்க. இன்னும் ரெண்டு தாள்தான் கிடக்கு. அசருக்கு முன்ன வந்திடுவன். இதையும் உட்டா அந்தாள் சொன்னதச் செய்வான். பிறகு நான் உங்களுக்கு என்னத்துக்கு?"

"உங்கள இந்த வீட்டுல யாரும் டென்டர் போட்டா எடுத்த?" என்றாள் ஸகியா பின்னாலிருந்து.

அவன் கதவை மெல்லச் சாத்தினான். கொண்டி துளைக்குள் போகாமல் பலகையில் டக் டக் என்று முட்டிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டு மிஹ்லாரின் ஓட்டோவில் மூவரும் ஏறினார்கள். கல்முனைக் கடைத்தெருவில் வெள்ளம். மீன்காரர்கள் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். சந்தி மூலையில் ஒரு லொறி நின்றுபோய்க் கிடந்தது. மிஹ்லார் ஹோனை அழுத்தியபடியே கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்: "காக்கா வரல்லியா ராத்தா?"

"பின்னால வாறார்."

"நான் திரும்பிப் போறன்தானே, ஏத்திக்கிட்டு வரட்டா?"

"வரச் சொன்னா ஏத்துங்க" என்றாள்.

மையித்து வீட்டில் பெண்கள் தலைமாட்டில் ஓதிக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகை ஈரத்தில் கீழேயே தங்கியது. சரீபின் முகம் சுருங்கி, மீசை மட்டும் பழைய அளவில் இருந்தது. றாபியா நிமிர்ந்தாள். "அவன்?"

"வாறார். டவுன்ல தண்ணி."

அது முதல் பொய். பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்லத் தண்ணீர் கூடியது. லொறி இரண்டாயிற்று. தன் போனை எடுத்து அவனுடைய இலக்கத்தை அழுத்தினாள். தன் மடியிலிருந்த கைப்பைக்குள் எதுவோ நடுங்கியது. அவனுடைய போன் அங்கேதான் இருந்தது. காலையில் சட்டப்படி வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கையோடு கொண்டு வந்திருந்தாள்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு முடிந்தது. அசருக்கு நேரம் நெருங்க ஆண்கள் உள்ளே வந்தார்கள். மையித்தைத் தூக்கும் பெட்டியான சந்தூக்கின் மேல் பச்சைத் துணியும் அதன் மேல் பொலித்தீனும் விரித்தார்கள். தூக்கக் குனிந்தபோது ஒரு கிழட்டுக் குரல் வாசலில் எழுந்தது.

"தூக்காதங்க."

நஸீம் கண்டக்டர். முழங்கால் தேய்ந்து, ஊன்றுகோலோடு நின்றார்.

"என்ன நஸீம் காக்கா? பாங்கு சொல்லப் போறாங்க."

"ஓடி வாற ஆள் ஒண்டு இரிக்கி."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளி இமாம் அவருடைய தோளில் கை வைத்தார். "ஜனாஸாவப் பிந்த வைக்கப்படா, காக்கா. பள்ளிக்குக் கொண்டு போவம். அசர் தொழுவம். அது வரைக்கும் வரட்டும்."

"அங்கயும் வரல்லாட்டி?"

"கொஞ்சம் நிப்பம்."

"அது சரி. எங்கள ஏத்துறதுக்கு எத்தின தரம் நிண்ட மனிசன்" என்றார் நஸீம், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

சந்தூக் வாசலைத் தாண்டியது. கலிமாச் சத்தம் ஒழுங்கை வழியே தேய்ந்து போனது. பெண்கள் கூடத்தில் மிஞ்சினார்கள். பாங்கு கேட்டது. நிப்லா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஆடு ஒன்று மதிலோரம் ஒதுங்கி நின்றது. வேறு யாரும் இல்லை.

கைப்பை நடுங்கியது.

இஹ்ஸானின் போனில் டோஹாக்காரனின் செய்தி. இங்கிலிசில் இரண்டே வரி. டென்டர் ஒரு கிழமைக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது, இன்று அனுப்பத் தேவையில்லை. முடிவில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகம்.

அவள் அதை மறுபடி வாசித்தாள். இது முதல் தடவையல்ல. கடைசி நேரத்தில் இப்படித் தள்ளிப் போடுவதும், அவன் இரண்டு நாள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு, இந்த நிமிசத்தில், அந்தப் பூட்டிய அறைக்குள் அவன் அந்த இரண்டு தாளோடு உட்கார்ந்திருக்கிறான். கொம்பியூட்டரில் வரும் மெசேஜைக் காலையிலேயே மூடிவிட்டான்; சொல்ல வழியில்லை. விரல் வழுக்க வழுக்க மிஹ்லாரின் இலக்கத்தைத் தேடினாள்.

"மிஹ்லார், எங்க நிக்கிறீங்க?"

"வீட்டடியிலதான் ராத்தா. இப்பதான் வந்த. சந்தியிலயே மாட்டிட்டன்."

"ஓடிப் போய் எங்கட கதவத் தட்டுங்க. தட்டுறல்ல, உடைங்க. டென்டர் தள்ளிப் போச்சாம் எண்டு சொல்லி அவர இழுத்து ஏத்துங்க. சுருக்கா!"

"உடைக்கவா?"

"உடைங்க மிஹ்லார்! என்ட வீடுதான்!"

செருப்பு தண்ணீரில் சளசளவென்று ஓடுவது போனில் கேட்டது. கேற் கிறீச்சிட்டது. "காக்கா! இஹ்ஸான் காக்கா!" பிறகு ஒன்றும் இல்லை.

"மிஹ்லார்?"

"கதவு திறந்து கிடக்கு ராத்தா. வீட்டுல யாரும் இல்ல."

"அறைக்குள்ள பாருங்க."

"அறைக்குள்ளதான் நிக்கிறன். கொம்பியூட்டர் எரியுது. நடுவுல ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்கிது. அனுப்பவா, வேணாமா எண்டு கேக்குது. என்னத்த அமத்துற?"

"ஒண்டையும் அமத்தாதங்க." அவள் போனைக் காதோடு அழுத்தினாள். "மோட்டச்சைக்கிள்?"

"நிக்கிது. செருப்பும் வாசல்ல கிடக்கு. மனிசன் வெறுங்காலோட போயிரிக்கார்."

பள்ளியில் அசர் முடிந்திருக்க வேண்டும். வெளி ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார்கள். முதலில் இரைச்சல். பிறகு பாயில் கால்கள் நகர்ந்து வரிசை நேராகும் சத்தம். இமாம் தொண்டையைச் செருமினார். "மையித்துட சொந்தக்காரர் யாராச்சும்..." என்று தொடங்கி நிறுத்தினார். ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவருக்காகப் பிள்ளை எழுந்து நின்று எல்லாரிடமும் பொருத்தம், மன்னிப்பு, கேட்க வேண்டும். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. எவ்வளவு நேரம் கிடந்தது என்று நிப்லாவுக்குச் சொல்லத் தெரியாது. கூடத்தில் யாசீன் ஓதியவர்களும் நிறுத்திவிட்டார்கள். றாபியா அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

தூரத்தில், பள்ளி வாசலில், யாரோ "விடுங்க, விடுங்க, வழி விடுங்க" என்றார்கள். அது நஸீமின் குரல் மாதிரி இருந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு வந்தது. இன்னொரு மூச்சு. ஓடி வந்தவனின் மூச்சு, நெஞ்சு கொள்ளாமல் ஏறி இறங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான் இஹ்ஸான்.

ஊரே பதில் சலாம் சொன்னது.

"எங்கட வாப்பா... உங்கள்ல யாருக்கும்... மனம் நோகச் செய்திருந்தா..." அது வரை வந்தது. பிறகு வரவில்லை. "வாப்பா இண்டைக்குக் காலைல..." என்றான். அதுவும் நின்றது.

நிப்லா கையிலிருந்த போனைப் பார்த்தாள். மஞ்சள் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"என்ன கா, கரன்ட் போயிட்டா?" என்றாள் ஸகியா மெதுவாக.

"இல்ல மாமி" என்றாள் றாபியா. "அவன்தான்."

மைக்குக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் தட்டுப்பட்டது. "ஆறுதலாச் சொல்லுங்க தம்பி" என்றார் நஸீம் கண்டக்டர். "நாங்க நிக்கிறம்."

வெளியே மழை தணிந்து கூரையில் மட்டும் சொட்டியது. ஒலிபெருக்கி திறந்தபடியே இருந்தது. வரிசையில் யாரும் இருமவும் இல்லை. அவனுடைய மூச்சு மட்டும், கடற்கரை வரைக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.